மேய்ச்சல் தரையும் களைகொல்லியும்: யாழ்ப்பாணத்தில் மாடு, ஆடு வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாரி தொடங்கிப் புல் தலைகாட்டும்போதும், அறுவடை முடிந்து மாடுகளை வயலுக்குள் அவிழ்த்துவிடும்போதும் இந்தக் கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. வலிகாமத்துச் செம்மண், வடமராட்சி மணல், தீவகத்துத் தரவை (திறந்த மேய்ச்சல் வெளி) என்று மேல்மண் மாறும். அடியில் சுண்ணாம்புக்கல்லும் அதற்குள் நாம் குடிக்கிற தண்ணீரும் இருப்பது மாறாது. கீழே உள்ள பதில்களில் பாதி அதை வைத்தே எழுதியவை.

காணி முழுக்கக் களை. எந்த மருந்து அடிக்கலாம், அதை மட்டும் சொல்லுங்கள்.

மருந்தின் பெயரைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அதற்கு முன் அந்தக் காணியில் ஏன் களை வந்தது என்று பாருங்கள். இரண்டு பரப்புக்குள் (16 பரப்பு ஒரு ஏக்கர்) நான்கு மாட்டைக் கட்டையடித்துக் கட்டினால் அவை அறுகையும் மற்ற நல்ல புல்லையும் மண்ணோடு கறண்டித் தின்னும். வாய் வைக்காத செடிகள் மட்டும் நின்று பூத்து விதை கொட்டும். அடுத்த மாரியில் அந்த வெறும் மண்ணில் முதலில் முளைப்பது அந்த விதைதான். அங்கே மருந்தடித்தால் நிற்கிற செடி சாகும், மண்ணுக்குள் இருக்கும் விதை சாகாது. புல்லும் இல்லாததால் இரண்டு மாதத்தில் பழைய கோலம் திரும்பிவிடும், மருந்துக் காசு போனதுதான் மிச்சம்.

அதனால் நான் முதலில் கேட்பது, செடி செத்த இடத்தில் எது வரப்போகிறது என்பதைத்தான். நிலத்தில் குனிந்து பாருங்கள். களைக்கு அடியில் அறுகு பச்சையாக ஓடிக்கொண்டிருந்தால் மருந்துக்கு வேலை உண்டு, அது அறுகுக்கு வழிவிடும். அடியில் வெறும் மண் என்றால் முதல் மழையோடு அந்தத் துண்டை ஒரு மாதமாவது மாடு கட்டாமல் விடுங்கள். அந்த நாட்களுக்கு வைக்கோல், வெட்டிய பனையோலை, வேலிக் குழை என்று சமாளிக்க வேண்டும். கஷ்டம்தான், தெரியும். ஆனாலும் ஒரு மாத ஓய்வு செய்கிற வேலையை எந்தப் போத்தலும் செய்யாது.

எதைக் களை என்று எடுப்பது? ஆடு தின்கிற செடியையும் சிலர் மருந்தடிக்கிறார்கள்.

மேய்ச்சல் நிலம் தோட்டம் மாதிரி இல்லை. வெங்காயப் பாத்தியில் வெங்காயம் தவிர எல்லாம் களை. தரவையில் கால்நடை தின்கிற எதுவும் தீன்தான். காவிளாயைப் பாருங்கள்: ஒரு பக்கம் பசுந்தாட் பசளைக்குப் பிடுங்கிக்கொண்டு போகிறோம், இன்னொரு பக்கம் களை என்று அதற்கே மருந்தடிக்கிறோம். அவரைக் குடும்பத்துச் செடிகள் மண்ணில் நைதரசனைச் சேர்ப்பவை, அவற்றை நிற்க விடுவது நல்லது. ஆவரசும் அப்படியே நிற்கட்டும். கோரையை மாடு விரும்பித் தின்னாது, ஆனால் கெடுதலும் செய்யாது. அதன் கிழங்கு நிலத்துக்குள் கோத்துக்கொண்டு போவதால் கொத்திவிட்டால் இன்னும் பரவும். மேய்ச்சல் தரையில் கோரையோடு சண்டை பிடிப்பது என் கணக்கில் வீண் செலவு.

உண்மையில் கவலைப்பட வேண்டியவை சில. நாயுண்ணிச் செடியைப் பட்டினி மாடு தின்றால் ஈரல் பாதிக்கும், மஞ்சள் காமாலை வரும், வெயில் படும் இடங்களில் தோல் வெடித்து உரியும். ஊமத்தையும் ஆமணக்கு விதையும் நஞ்சு. எருக்கலையை மாடு தொடாது, ஆனால் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பார்த்தீனியம் தனிக்கதை, அதற்குத் தனிக் கேள்வியே இருக்கிறது. புதிதாக ஒரு செடி பெருகுகிறது, பெயர் தெரியவில்லை என்றால் ஒரு கொத்தை விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். பெயர் தெரியாத செடிக்கு மருந்து தேடுவதில் அர்த்தமில்லை.

பார்த்தீனியத்துக்கு என்ன செய்வது?

1987இல் இந்தியப் படை வந்ததை ஒட்டித்தான் இது இங்கே வந்தது என்பது ஊரெல்லாம் உள்ள பேச்சு. எப்படி வந்திருந்தாலும் இப்போது தெருக்கரை, தரிசுக் காணி, தோட்ட வரம்பு எங்கும் நிற்கிறது. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இது ஒழிக்கப்பட வேண்டிய களை. ஒரு செடி பதினைந்தாயிரத்துக்கு மேல் விதை போடக்கூடியது. முளைத்து ஒரு மாதத்திலேயே பூக்கத் தொடங்கும். மாடு அதிகம் தின்றால் தோலில் அரிப்பும் புண்ணும் வரும், பால் கசக்கும். மனிதருக்கும் தோல் அழற்சி, தும்மல், மூச்சு இழுப்பு.

இதற்கு மருந்தைவிடக் கை நல்லது, அதுவும் பூப்பதற்கு முன். ஐப்பசி மழையில் மண் நனைந்து இளகியிருக்கும்போது செடி வேரோடு வரும். கையுறை, நீளக்கைச் சேர்ட், மூக்கை மூடத் துணி, இவை இல்லாமல் தொட வேண்டாம். இழுப்பு உள்ளவர்கள் இந்த வேலைக்கு வரவே கூடாது. பூத்துவிட்ட செடியைப் பிடுங்கி வரம்பில் போட்டுவிட்டுப் போவதால் பயனில்லை, விதை அங்கேயே கொட்டும். சாக்கில் அடைத்துக் காயவிட்டு எரிக்க வேண்டும். எருக்கும்பியில் போடவே கூடாது.

பிடுங்கி முடிக்க முடியாத அளவுக்குப் பரந்து கிடந்தால், செடி இலை விரித்துத் தரையோடு படுத்திருக்கும் பருவத்தில் அகன்ற இலைக் களைகளுக்கான மருந்து வேலை செய்யும். தண்டு எழும்பிப் பூத்த பிறகு அடித்தால் செடி வாடும், விதை முற்றிவிடும். பலர் பூவைக் கண்ட பிறகுதான் கடைக்கு ஓடுகிறார்கள்.

ஒரு முறை துப்புரவாக்கினால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். விதை மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். ஒவ்வொரு மழைக்கும் ஒரு சுற்றுப் போய்ப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் மருந்து எங்கேதான் தேவை?

அடியில் புல் உயிரோடு இருந்து மேலே அகன்ற இலைச் செடி மூடியிருக்கும் துண்டுகளில் தேவைப்படலாம். நாயுண்ணி மாதிரி வெட்டவெட்டத் தளிர்க்கும் பற்றைகளுக்கும் தேவை. கினிப்புல்லோ கோ-3 புல்லோ புதிதாக நட நிலத்தைத் தயார் செய்யும்போதும் சிலர் பயன்படுத்துவார்கள். மற்ற இடங்களில் மண்வெட்டியும் கத்தியும் போதும்.

பற்றைகளுக்குத் தெளிப்பதைவிடப் பூசுவது மேல். நாயுண்ணியைத் தரைமட்டத்தில் வெட்டி, வெட்டிய சில நிமிடங்களுக்குள் அந்த அடிக்கட்டையில் தூரிகையால் மருந்தைப் பூசினால் அது நேரே வேருக்குப் போகும். அரை மணி கழித்துப் பூசினால் வெட்டுவாய் காய்ந்திருக்கும், மருந்து உள்ளே போகாது. இதில் செலவாகும் மருந்து கொஞ்சம், காற்றில் பறப்பது ஏறக்குறைய இல்லை, சுற்றியுள்ள புல்லுக்கும் சேதமில்லை. ஆடுகள் வைத்திருப்பவர்கள் மாட்டுத் தரையில் அவற்றையும் மாறிமாறி விடலாம். மாடு விட்ட பல செடிகளை ஆடு கடிக்கும். நாயுண்ணியும் பார்த்தீனியமும் உள்ள இடத்தில் மட்டும் இந்த யோசனை வேண்டாம்.

எம்சிபிஏ, கிளைபோசேட் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

எம்சிபிஏ நெல் செய்பவர்களுக்குப் பழக்கமான மருந்து. அகன்ற இலைச் செடியைக் கொல்லும், புல்லை விடும். ஆனால் காவிளாய் போன்ற அவரைக் குடும்பத்துச் செடிகளையும் சேர்த்தே தாக்கும். கிளைபோசேட் பச்சையாக நிற்கும் எதையும் கொல்லும், அறுகும் போய்விடும். ஆகவே மேய்ச்சல் தரை முழுவதும் கிளைபோசேட் தெளிப்பது புல்லையே ஒழிக்கும் வேலை. அதற்கு அங்கே இடம் என்றால் அடிக்கட்டையில் பூசவும், தனிச் செடிக்குத் தொட்டுவிடவும்தான். மாடு புல்லைக் கடித்துத் தாழ்த்திய பிறகு களை மட்டும் உயர்ந்து நிற்கும். அப்போது மருந்தில் நனைத்த துணியைக் கோலில் கட்டி அந்தத் தலைகளில் மட்டும் தடவலாம். மெதுவான வேலை, ஆனால் புல் பிழைக்கும்.

கிளைபோசேட் தடையா, இல்லையா?

குழப்பத்துக்குக் காரணம் உண்டு. சிறுநீரக நோய் பற்றிய பயத்தில் 2015இல் நாடு முழுவதும் தடை வந்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தினார்கள். 2021இல் இரசாயனப் பசளை, பீடைகொல்லி எல்லாவற்றின் இறக்குமதியையும் நிறுத்தி, அதே ஆண்டு முடிவதற்குள் பின்வாங்கினார்கள். 2022 ஓகஸ்டில் கிளைபோசேட் இறக்குமதித் தடை நீக்கப்பட்டது. புற்றுநோய் விடயத்தில், உலக சுகாதார நிறுவனத்தின் கீழுள்ள புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015இல் இதை ‘புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியம் அதிகம்’ என்ற பிரிவில் வைத்தது. அமெரிக்க, ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. விவாதம் எப்படி முடிந்தாலும் வெறுங்கையால் கலக்காமல் இருப்பதற்கு அந்த முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

கிரமக்சோன் என்று நாம் சொல்லும் பரக்குவாற் களைகொல்லி வேறு விடயம். 2008இல் தொடங்கிப் படிப்படியாக நிறுத்தப்பட்டது. கொட்டிலின் மூலையில் பழைய போத்தல் ஏதும் கிடந்தால் அதைத் திறக்க வேண்டாம். கமநல சேவை நிலையத்தில் விசாரித்து ஒப்படைக்கப் பாருங்கள். ஒரு மிடறு உள்ளே போனால் மாற்று மருந்து இல்லாத நஞ்சு அது.

சொன்ன அளவு கலந்து அடித்தும் களை சாகவில்லை. இரட்டிப்பாக்கலாமா?

வேண்டாம். முதலில் உங்கள் தண்ணீரைப் பாருங்கள். இது யாழ்ப்பாணத்துக்கே உரிய சிக்கல். நமது கிணற்று நீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இருந்து வருவதால் கல்சியம் மிகுந்தது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். கிளைபோசேட் கல்சியத்தோடு பிணைந்துகொண்டால் இலைக்குள் போகும் திறனை இழக்கும். எம்சிபிஏயின் சில வடிவங்களும் இப்படியே பாதிக்கப்படும். தெளிக்கும் மெசினின் தாங்கிக்குள்ளேயே பாதி வேலை கெட்டுப்போன மருந்தை எத்தனை மடங்கு கூட்டினாலும் கூடுவது செலவும், நிலத்துக்குள் இறங்கும் அளவும்தான்.

மழைநீரைப் பிடித்து வைத்திருந்தால் அதில் கலக்குவது மிக நல்ல வழி. கிளைபோசேட்டுக்கு இன்னொரு வழியும் உண்டு. 16 லீற்றர் தாங்கித் தண்ணீரில் ஏறக்குறைய 300 கிராம் அமோனியம் சல்பேற் பசளையை முதலில் நன்றாகக் கரைத்து, வடித்து, அதன் பிறகு மருந்தைச் சேர்ப்பது. பசளை கல்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். வரிசை மாறினால் பயனில்லை. லேபிளில் இதற்கு எதிராக ஏதும் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். பசளைச் சாக்கை மாடு நக்க எட்டாத இடத்தில் வையுங்கள், அதிகம் நக்கினால் அதுவே நஞ்சு. குளத்துக் கலங்கல் நீரும் சரிவராது, கிளைபோசேட் மண்துகளில் ஒட்டிச் செயலிழக்கும்.

தண்ணீர் காரணம் இல்லையென்றால் காலம் காரணமாக இருக்கும். ஆடி, ஆவணி வெயிலில் இலையில் புழுதி படிந்து, செடி சுருண்டு நிற்கும். அப்போது எந்த மருந்தும் உள்ளே போகாது.

தாங்கிக்கு எத்தனை மூடி ஊற்ற வேண்டும்?

மூடிக் கணக்கை விடுங்கள். ஒவ்வொரு போத்தலின் மூடியும் ஒவ்வொரு அளவு. லேபிளில் ஏக்கருக்கு அல்லது ஹெக்டேயருக்கு எவ்வளவு என்று இருக்கும். உங்கள் தாங்கி எவ்வளவு நிலத்துக்குக் காணும் என்பதை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். பத்து மீற்றருக்குப் பத்து மீற்றர் ஒரு சதுரம் அளந்து, வெறும் தண்ணீரை உங்கள் வழக்கமான நடையில் தெளித்து, எத்தனை லீற்றர் முடிந்தது என்று பாருங்கள். 3 லீற்றர் முடிந்தது என்று வைப்போம். அப்போது 16 லீற்றர் தாங்கி சுமார் 530 சதுர மீற்றருக்கு, அதாவது இரண்டு பரப்புக்குச் சற்றுக் கூடுதலாகக் காணும். ஏக்கருக்கு 16 பரப்பு. லேபிளில் ஏக்கருக்கு ஒரு லீற்றர் என்றிருந்தால் பரப்புக்கு 62.5 மில்லிலீற்றர், உங்கள் தாங்கிக்கு ஏறக்குறைய 130 மில்லிலீற்றர். இது கணக்குக் காட்ட எடுத்த எண், மருந்தின் அளவாக இதை எடுக்க வேண்டாம். நொசிலை மாற்றினாலோ ஆளை மாற்றினாலோ மறுபடி அளக்க வேண்டும்.

கூலிக்கு ஆள் பிடித்தால் தாங்கிக் கணக்கில் கூலி பேசாதீர்கள். தாங்கி கூடக் கூடக் காசு கூடும் என்றால் மருந்தும் கூடத்தான் செய்யும். பரப்புக் கணக்கில் பேசுங்கள்.

எந்த மாதம், எந்த நேரம் நல்லது?

செடி இளசாக, ஓடி வளரும் நேரம். இங்கே அது புரட்டாசிக் கடைசி மழைக்குப் பிறகு கார்த்திகை வரை. ஆனால் அதே காலத்தில் பின்னேரம் இடியும் மழையும் வரும், தெளித்துச் சில மணிக்குள் மழை பெய்தால் எல்லாம் கழுவிக்கொண்டு போகும். ஆகவே மழைக்கு இடைவெளி விட்ட நாளில், காலையில், பனி காய்ந்ததும்.

சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் வைகாசி முதல் ஆவணி வரை திறந்த தரவையில் தெளிக்காமல் இருப்பதே நல்லது. காற்றே இல்லாத நேரமும் நல்லதில்லை என்பது பலருக்குப் புதுச் செய்தி. ஓர் அசைவும் இல்லாத அதிகாலையில் தெளித்த நுண்துளிகள் கீழே இறங்காமல் புகார் போலத் தங்கி, மெல்ல நகர்ந்து எங்கோ போய் இறங்கும். இலை மட்டும் அசையும் இளங்காற்று வேண்டும், அதுவும் அயலவர் தோட்டத்துப் பக்கம் போகாததாக.

எம்சிபிஏ வகை மருந்துகளுக்கு மிகக் கூசும் பயிர்கள் எவை என்று கேட்டால் யாழ்ப்பாணத் தோட்டத்தின் பட்டியலே வரும்: முந்திரிகை (திராட்சை), தக்காளி, புகையிலை, மிளகாய். முந்திரிகைக் கொடியில் பட்டால் இலை விசிறி மாதிரிச் சுருங்கி நரம்போடி நிற்கும். பக்கத்தில் முந்திரிகைப் பந்தல் இருந்தால் இந்த மருந்தைத் தெளிக்கவே வேண்டாம். களைகொல்லிக்கென்று ஒரு மெசினைத் தனியாக வையுங்கள். நேற்று எம்சிபிஏ அடித்த தாங்கியால் இன்று மிளகாய்க்குப் பூச்சி மருந்து அடித்தால், கழுவியதாக நினைத்தாலும் மிளகாய் காட்டிக்கொடுத்துவிடும்.

அடித்த தரையில் எத்தனை நாளைக்கு மாடு கட்டக்கூடாது?

லேபிளில் மேய்ச்சலுக்கான இடைவெளி எழுதியிருந்தால் அதுதான் விடை. மேய்ச்சல் நிலம் பற்றி ஒரு வரியும் இல்லாத மருந்தை விவசாயப் போதனாசிரியரிடமோ மிருக வைத்தியரிடமோ கேட்காமல் மாடு மேயும் இடத்தில் அடிக்க வேண்டாம். ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறேன்: எம்சிபிஏக்கு அமெரிக்க லேபிள்களில் பால் மாட்டுக்கு 7 நாள் என்றும், பிரித்தானிய லேபிள்களில் எல்லாக் கால்நடைக்கும் குறைந்தது இரண்டு வாரம் என்றும் இருக்கும். நான் இரண்டு வாரத்தையே சொல்வேன்.

அந்த இரண்டு வாரத்துக்கு மேலும் ஒரு நிபந்தனை உண்டு, பலர் கோட்டை விடுவது இங்கேதான். மருந்துபட்டு வாடும் செடியில் இனிப்புக் கூடும், கசப்பு மணம் குறையும். சாதாரண நாளில் மாடு முகர்ந்துவிட்டு விலகும் நஞ்சுச் செடியை, வாடிய நிலையில் ஆசையாகத் தின்னும். செடிக்குள் இருக்கும் நஞ்சு அப்போதும் குறைந்திருக்காது. முள்ளுக்கீரை போன்ற சில செடிகளில் எம்சிபிஏ வகை மருந்துக்குப் பிறகு நைத்திரேற்றும் கூடலாம். அது அதிகமானால் மாடு மூச்சுத் திணறி விழும். ஆகவே நாயுண்ணி, ஊமத்தை உள்ள இடத்தில் நாளை எண்ணுவதை விட்டுச் செடி முழுவதும் காய்ந்து மொறுமொறுத்து, அகற்றப்பட்டதா என்று பாருங்கள்.

வெட்டிக் கொண்டுவந்து போடும் புல்லுக்கும் இதே விதி. மாட்டைக் கட்டாமல் விட்டுவிட்டு அதே புல்லை அரிவாளால் அறுத்துப் போடுவதில் என்ன பயன்?

பாலில் மருந்து வருமா?

எம்சிபிஏயின் பெரும்பகுதி சிறுநீரோடு விரைவில் வெளியேறும், கொழுப்பில் தேங்கும் வகை இல்லை. இடைவெளியை மதித்தால் பயப்பட ஒன்றுமில்லை. தவறுதலாக மேய்ந்துவிட்டால் மிருக வைத்தியரிடம் கேட்கும்வரை அந்தப் பாலைச் சங்கத்துக்கு ஊற்றாதீர்கள், கன்றுக்கும் வீட்டுக்கும்கூட வேண்டாம்.

கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் விட வேண்டும்?

நமக்கு ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடும். மழை விழுந்து, மண்ணுக்குள் இறங்கி, கல்லின் வெடிப்பு வழியாகக் கிணற்றுக்கு வருகிறது. வலிகாமத்துச் செம்மண் பல இடங்களில் சில அடிதான், அதற்குக் கீழே வடிகட்ட ஒன்றும் இல்லை, நிலாவரைக் கிணற்றையும் கீரிமலைக் கேணியையும் உண்டாக்கிய அதே ஓட்டைக் கல். தோட்டங்களில் போட்ட பசளையின் நைத்திரேற் கிணறுகளில் ஏறிய கதை நமக்குப் புதிதில்லை. தீவகத்தில் இன்னும் இக்கட்டு. அங்கே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் ஒரு மெல்லிய படலமாகத்தான் மிதக்கிறது.

லேபிளில் தூரம் சொல்லியிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். இல்லையென்றால் தெளிப்பதற்கும் கலப்பதற்கும் கழுவுவதற்கும் 100 அடி என்பது என் கணக்கு. சின்ன வளவில் 100 அடி விட்டால் தெளிக்க இடமே மிஞ்சாது என்பீர்கள். சரி, அந்த வளவில் தெளிக்க வேண்டாம், கையால் பிடுங்குங்கள். பல மாதம் மண்ணில் நின்று வேலை செய்யும் மருந்துகளை இந்தக் குடாநாட்டில் மேய்ச்சல் நிலத்துக்குத் தொடாதீர்கள்.

விபத்துகளில் அதிகம் நடப்பது தெளிக்கும்போது இல்லை, கிணற்றுக்கட்டில் வைத்துக் கலக்கும்போது. வாளியில் தண்ணீரைக் காணிக்குக் கொண்டுபோய் அங்கே கலக்குங்கள். நீர்ப்பம்பிக் குழாயின் நுனி தாங்கிக்குள் அமிழ்ந்திருக்க, பம்பி நின்றால் மருந்து குழாய் வழியே கிணற்றுக்கு இறங்கலாம்.

அடித்த தரையில் மேய்ந்த மாட்டின் எருவைத் தோட்டத்துக்குப் போடலாமா?

எம்சிபிஏ, கிளைபோசேட் என்றால், இடைவெளி விட்டு மேய்த்திருந்தால், மக்கவைத்துப் போடலாம். வெளிநாடுகளில் புல்தரைக்கென்று விற்கும் சில மருந்துகள் வேறு ரகம்: அமினோபைரலிட், குளோபைரலிட், பிக்குளோராம். இவை புல்லில் ஏறி, மாட்டின் வயிற்றைக் கடந்து, சாணத்தில் அப்படியே வெளிவரும். மக்கினாலும் எளிதில் அழியாது. அந்த எருவைப் போட்ட பாத்தியில் தக்காளியும் பயற்றையும் முறுகிச் சுருண்டு போகும். வெள்ளாடும் செம்மறியும் பட்டி அடைத்துத் தோட்டத்துக்கு உரம் சேர்க்கும் ஊரில் இது எவ்வளவு பெரிய சேதம் என்று சொல்லத் தேவையில்லை.

கனடாவிலிருந்து தம்பி ஒரு போத்தல் கொண்டுவந்தார். புல்லுக்கு ஒன்றும் ஆகாதாம். பாவிக்கலாமா?

மேலே சொன்ன வகை மருந்தாக இருக்கலாம் என்பதாலேயே வேண்டாம். அது வீட்டு முற்றத்துப் புல்லுக்குச் செய்தது, அங்கே மாடு மேயாது, கிணற்றில் அள்ளிக் குடிக்கவும் மாட்டார்கள். தவிர, 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டப்படி இங்கே பதிவில்லாத மருந்தைக் கொண்டுவரவோ பயன்படுத்தவோ முடியாது. தம்பியிடம் அடுத்த முறை நல்ல கையுறை கொண்டுவரச் சொல்லுங்கள்.

இரசாயனம் வேண்டாம் என்று உப்புத் தண்ணீரோ கழிவு ஒயிலோ ஊற்றினால்?

உப்பு பார்த்தீனியத்தைச் சாகடிக்கும், உண்மை. மண்ணையும் சாகடிக்கும், கிணற்றையும் உவராக்கும். கடல்நீர் ஏறிவரும் பயத்தில் இருக்கும் ஊரில் நாமே உப்பு ஊற்ற வேண்டுமா? கழிவு ஒயிலைப் பற்றி, சுன்னாகச் சுற்றுவட்டாரத்தில் கிணற்று நீரில் எண்ணெய் மிதந்ததைக் கண்ட யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. வினாகிரி இலையை மட்டும் கருக்கும், வேர் திரும்பத் தளிர்க்கும்.

பொதுத் தரவையிலும் வயல் வரம்பிலும் யாரோ மருந்தடித்துவிட்டுப் போகிறார்கள். என்ன செய்வது?

கோபம் நியாயமானது. பொதுத் தரவை ஒருவரின் காணி இல்லை. அங்கே தெளிப்பதென்றால் பிரதேச சபைக்கும் கிராம அலுவலருக்கும் தெரிந்து, மாடு அவிழ்ப்பவர்கள் எல்லாருக்கும் நாள் சொல்லித்தான் செய்ய வேண்டும். வயல் வரம்பில் மருந்தடிப்பவர்கள் நாலு பக்கமும் சிவப்புத் துணி கட்டிவிட்டால் போதும், புல்லறுக்க வருபவர் பார்த்து விலகுவார். செலவு ஒரு பழைய சாரம். மாடு வைத்திருப்பவர்கள் தங்கள் பக்கத்தில், பழக்கமில்லாத வரம்பில் கட்டுமுன் புல்லைப் பாருங்கள். மஞ்சளித்து, நுனி கருகி, ஒரே சீராக வாடியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

இந்த வெக்கையில் எப்படி முழு உடுப்பும் போட்டு அடிப்பது?

காலையில் அடித்தால் முடியும். சாரத்தை மடித்துக் கட்டி வெறுங்காலோடு இறங்கினால் நனைந்த புல் முழுவதும் காலில்தான் துடைபடும். நீளக் காற்சட்டை, நீளக்கைச் சேர்ட், றப்பர் பூட்ஸ், கையுறை. கலக்கும்போது கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம், ஏனென்றால் செறிந்த மருந்து தெறிப்பது அப்போதுதான். அடைத்த நொசிலை வாயால் ஊதாதீர்கள். வெற்றிலை, சுருட்டு எல்லாம் குளித்த பிறகு.

மாடோ ஆளோ மருந்தைக் குடித்துவிட்டால்?

ஆள் என்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், போத்தலையும் கூடவே கொண்டுபோங்கள். வாந்தி எடுக்கவைக்க முயல வேண்டாம். தோலில் பட்டால் உடுப்பைக் கழற்றிச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், கண்ணில் பட்டால் பதினைந்து நிமிடமாவது ஓடும் தண்ணீரில். மாடு என்றால் உடனே அந்த இடத்தை விட்டு நகர்த்தி, நிழலில் கட்டி, நல்ல தண்ணீர் வைத்து மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். வாயில் நுரை, கழிச்சல், தள்ளாட்டம், இரை மீட்காமல் நிற்பது, இவற்றில் எது எப்போது தொடங்கியது என்று குறித்துவையுங்கள். எண்ணெய் பருக்குவது, புளி கரைத்து ஊற்றுவது எல்லாம் மூச்சுக்குழாய்க்குள் போனால் மாடு அதனாலேயே செத்துவிடும்.

மிஞ்சின மருந்தையும் வெறும் போத்தலையும் என்ன செய்வது?

கலந்த மருந்து மிஞ்சாதபடி அளந்து கலக்குங்கள். போத்தலையும் தாங்கியையும் மூன்று முறை அலசி, அந்த அலசல் நீரை அதே காணியில் களை நிற்கும் இடத்திலேயே தெளித்துவிடுங்கள். குளத்திலோ வாய்க்காலிலோ கழுவக்கூடாது. போத்தலில் துளையிட்டுவிடுங்கள், இல்லையென்றால் யாராவது மண்ணெண்ணெய்க்கோ பாலுக்கோ எடுத்துவிடுவார்கள். எரிக்க வேண்டாம், கிணற்றடியில் புதைக்கவும் வேண்டாம். வாங்கிய கடையிலோ கமநல சேவை நிலையத்திலோ திருப்பி எடுப்பார்களா என்று கேளுங்கள். பாதி மிஞ்சிய மருந்தை அதே போத்தலில், லேபிளோடு, பூட்டுப் போட்ட பெட்டியில், மாட்டுத் தீவனத்துக்கும் வீட்டுச் சாமானுக்கும் எட்டத்தில் வையுங்கள். திறப்பு உங்களிடம் மட்டும் இருக்கட்டும்.